உங்களுக்குத் தெரியுமா? அரட்டைப் பெட்டியில் பிறந்த டேட்டாபேஸ்

ஃபயர்பேஸ், டேட்டாபேஸாகத் தொடங்கவில்லை! ஜேம்ஸ் டாம்ப்ளினும் ஆண்ட்ரூ லீயும் முதலில் நடத்தியது ‘என்வால்வ்’ என்ற சேவை. இணையதளங்களுக்கு அரட்டைப் பெட்டி பொருத்தித் தருவது அதன் வேலை. சிலர் அதில் அரட்டை அடிக்கவே இல்லை. தங்கள் ஆன்லைன் விளையாட்டின் நிலவரத்தை ஆட்டக்காரர்களிடையே பரிமாற அதைப் பயன்படுத்தினார்கள். நிறுவனர்கள் அரட்டையை விட்டுவிட்டு, உள்ளிருந்த நிகழ்நேர இயந்திரத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபயர்பேஸ். 2012-இல் வெளியானது. 2014-இல் கூகுள் வாங்கியது.

● ஃபயர்பேஸுடன் இணைத்த ரியாக்ட் பக்கம், புதிய தகவல் உண்டா என்று அடிக்கடி கேட்பதில்லை. வெப்சாக்கெட் இணைப்பு திறந்தே இருக்கும். மாற்றம் தானாக வந்து சேரும்.

● நீங்கள் எழுதியது சர்வரை எட்டுவதற்கு முன்பே உங்கள் திரையில் தெரிந்துவிடும். சர்வர் மறுத்தால் பழைய மதிப்பு திரும்பிவிடும். வேகத்தின் ரகசியம் இதுதான். மிக அழகான வடிவமைப்பு!

● ரியாக்டில், மாற்றங்களைக் கவனிக்கும் கேட்பானை (லிசனர்) ‘யூஸ்எஃபெக்ட்’டுக்குள் வையுங்கள், திரை மாறும்போது நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் மறைந்த திரைக்கும் தகவல் இறங்கும், கட்டணமும் ஏறும்.

● ஃபயர்பேஸின் ஏபிஐ கீ பிரவுசரில் யார் கண்ணுக்கும் தெரியும். அது கடவுச்சொல் அல்ல. தகவலைக் காப்பவை பாதுகாப்பு விதிகளே. சோதனைக்காக எல்லோருக்கும் திறந்துவைத்த விதிகளை, தளத்தை வெளியிடும் முன் கட்டாயம் மாற்றுங்கள்.