கேம் கம்பெனி ஆஃபர்: சம்பளமும் ஈசாப்பும் ஒரே இடத்துலயா?

போன மாசம் பத்தமடைக்குப் போயிருந்தப்ப சித்தப்பா பையன் ஆஃபர் லெட்டரை நீட்டினான். "கேம் கம்பெனிண்ணே. கைக்கு வர்றது கம்மி, மிச்சம் ஈசாப். சேரலாமா?"

அவனுக்கு எம்பிஎல் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

2018-ல் பெங்களூருல தொடங்கின மொபைல் கேம் தளம். 2020-ல் இந்திய கிரிக்கெட் அணி ஜெர்சியில அதோட பேரு. 2021-ல் யூனிகார்ன். வருமானம் பெரும்பாலும் பணம் கட்டி ஆடுற கேம்கள்ல இருந்து.

2023 ஜூலையில, கட்டுற முழுப் பணத்துக்கும் 28% வரின்னு ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. அடுத்த மாசமே சுமார் 350 பேருக்கு வேலை போச்சு. 2025 ஆகஸ்ட்ல அந்த மாதிரி கேம்களையே தடை செஞ்சு சட்டம் வந்தது. இந்தியாவுல இருக்குற ஊழியர்கள்ல சுமார் 60% பேரை அனுப்பப் போறதா மாசக் கடைசியிலயே செய்தி.

வேலை பார்த்தவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா சம்பளமும் ஈசாப்பும் ஒரே கம்பெனியில இருந்தா, அடி விழும்போது ரெண்டும் சேர்ந்தே விழும்.

அதனால சேரும் முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

1. ஈசாப்பை பூஜ்யம்னு வச்சு, வர்ற சம்பளத்துல குடும்பம் ஓடுமான்னு கணக்குப் போடுங்க.
2. ஈசாப்பை ஷேரா மாத்தினாலே, விக்காட்டியும் வரி உண்டு. தகுதியுள்ள சில ஸ்டார்ட்-அப்களுக்கு மட்டும் தள்ளிக் கட்டுற சலுகை இருக்கு.
3. ஆறு மாசச் செலவு தனியா, மருத்துவக் காப்பீடு உங்க பேர்ல.

பையன் சேர்ந்துட்டான். ஆனா முதல் சம்பளத்துலயே ஆர்.டி. போட்டுட்டான். எனக்கு அது போதும்.