மூன்று விநாடி

ஞாயிறுதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்பில் நாம் பாடஞ் சொல்லி வருவதை அன்பர்கள் அறிவார்கள். மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறிய ரயில்வே குமாஸ்தாவுக்கு வாத்தியார் வேலை எதற்கு என்று இல்லத்தரசியே நகைத்ததுண்டு. நகைப்பில் நியாயமும் இருந்தது. முதல் ஆறு மாதம் நாம் வினா எழுப்புவோம்; பிள்ளைகள் விழிப்பார்கள்; உடனே நாமே விடையையும் சொல்லிவிடுவோம். வாரமெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் குழந்தைக்குத் தமிழில் சொற்கூட்டச் சற்றுப் பொழுது வேண்டுமென்பது நமக்குத் தோன்றவில்லை. ஒரு சிறுமி வகுப்பை விட்டு நின்றே போனாள். தனக்குத் தமிழ் வராது என்று தந்தையாரிடம் சொன்னாளாம்.

அமெரிக்க நாட்டு மேரி பட் ரோ என்னும் அம்மையார் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் முடிவுகளை வெளியிட்டார். வினவிய ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருந்தனர். மூன்று விநாடி பொறுத்தவிடத்து விடைகள் நீண்டன. வாய்திறவாப் பிள்ளைகளும் பேசினர்.

மேனாட்டுச் சரக்கென்று இதை ஒதுக்க வேண்டா. ஆசானிடம் கேட்பதால் வருவது கால் பங்கு, உடன்பயில்வோருடன் பழகுவதால் கால் பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு என்று நன்னூலார் கணக்கிட்டுள்ளார். அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். கோலாரிலும் தலக்காட்டிலும் இருந்து ஆண்ட மரபு அது! நம் பசவனகுடி நேஷனல் கல்லூரியின் முதல்வராயிருந்த எச். நரசிம்மையா அவர்களும் 1962இல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தொடங்கி, கேள்வி கேளாமல் எதையும் ஏற்றலாகாது என்றே மாணவர்க்கு வலியுறுத்தி வந்தார்.

நிற்க. சிறுமியின் வீட்டுக்குச் சென்று அழைத்தோம். "வருகிறேன் மாமா, ஆனால் பேசமாட்டேன்" என்றாள். ஒப்புக்கொண்டோம்.

அவ்வாரம் கண்ணகி வழக்கு. முன்னெல்லாம், "பாண்டியன் பெயரென்ன?" என்றுதான் கேட்டிருப்போம். ஒரே விடையுள்ள வினாவில் உரையாட என்ன இருக்கிறது? இம்முறை, "பாண்டியன் செய்த பிழை யாது?" என்று கேட்டுவிட்டு, சிக்னல் விழாத வண்டிபோல் நின்றோம். நாவடக்கம் அத்தனை கடினமென்று அன்றுதான் உணர்ந்தோம்! பொற்கொல்லனை நம்பியதே பிழை என்றான் ஒருவன். சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை, மற்றவர்களைப் பார்த்தோம். மீண்டும் மௌனம். கடைசிப் பாயிலிருந்து அச்சிறுமியின் குரல், கன்னடம் பாதி தமிழ் பாதியாக எழுந்தது: "ராஜா கேளலே இல்ல. கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

மொழியைத் திருத்த நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். காவலர் சொல்லை அரசன் நம்பாமல் வேறென் செய்வான் என்று மற்றொருவன் எதிர்த்தான். அவள் விடவில்லை. அழைத்துப்போக வந்த தந்தையார் அரைமணி நேரம் வாசலிலேயே நின்றார்.