புத்தமயூரியின் பச்சைப் பட்டை

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளுக்கே உரிய அரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கேரள மக்கள் ‘புத்தமயூரி’ என்று அழைக்கின்றனர். 1872 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தி, ‘பாப்பிலியோ புத்தா’ எனப் பெயர் சூட்டினார். 2018 ஆம் ஆண்டில் இது கேரளத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது.

கரிய சிறகுகளின் குறுக்கே நீலமும் பச்சையும் கலந்த அகன்ற பட்டை ஒன்று மின்னுவதே இதன் தனிச்சிறப்பு. வறண்ட காடுகளிலும் வாழும் ‘பாப்பிலியோ கிரினோ’ என்னும் நெருங்கிய உறவினத்திற்கும் இத்தகைய பட்டை உண்டு. ஆயினும் அது குறுகியது. பட்டையின் அகலம் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுகிறது.

இப்பட்டையின் பச்சை, சாயத்தால் வந்ததன்று. வண்ணத்துப்பூச்சியின் சிறகை நுண்ணிய செதில்கள் கூரை ஓடுகளைப் போல் மூடியுள்ளன. புத்தமயூரியின் பட்டையிலுள்ள செதில்களில் மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, பிற மறைகின்றன. சோப்புக் குமிழியில் நாம் காணும் வண்ணங்களும் இவ்வாறே தோன்றுகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். சிறகின் அடிப்புறமோ மங்கிய பழுப்பு. பூச்சி சிறகை மூடி அமர்ந்தவுடன் அந்த ஒளி முழுவதும் மறைந்துவிடுகிறது.

இத்துணை நுட்பமான சிறகு உருவாவதற்கு வேண்டிய உணவைத் தருவது முள்ளிலம் என்னும் மரம். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மரத்தின் அடிமரத்தில் கூம்பு வடிவ முட்கள் நிறைந்திருக்கும். கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்பிற்கு மணமூட்டும் ‘திர்பள்’ இம்மரத்தின் காயே. தாய்ப்பூச்சி இதன் இலைகளில் முட்டையிடுகிறது. புழு அவ்விலைகளைத் தின்று வளர்கிறது. மரம் இல்லாத இடத்தில் அடுத்த தலைமுறையும் இல்லை.

புத்தமயூரி 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றுள்ளது. எனினும் பூச்சியைப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம், தோட்டத்து முள்மரம் ஒன்று இடையூறெனக் கருதி வெட்டப்படுவதைத் தடுக்க வந்ததன்று. மலைச்சாரலில் நிலமுடையோர் தம் வேலியோரத்தில் ஒரு முள்ளிலத்தை விட்டுவைப்பதே இவ்வினத்திற்குச் செய்யும் பேருதவியாகும்.

ஏனைய ஊர்களில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. நம் வீட்டு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் முள்ளிலத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இலைகளைக் கடிக்கும் புழுக்களுள் பல, புத்தமயூரியின் உறவினங்களே. இனி அத்தகைய புழுவைக் கண்டால் பூச்சிமருந்தை நாடுவதற்கு முன் சற்றே பொறுப்போம். நாம் இழப்பது சில இலைகள் மட்டுமே. சில வாரங்களில் அப்புழு சிறகு விரித்துப் பறக்கும்.