கழல மறுக்கும் தண்டு

வளைவில் திரும்பும்போது முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? டிரைவ் ஷாப்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். 1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கஞ்சில் எல்லாம் முன்சக்கரம் இழுக்கும் காடிகள்தாம். தண்டைக் கழற்றப் போனால்தான் தெரியும் சங்கதி!

தண்டின் உள்முனையில் ஒரு சிறு கம்பி வளையம் இருக்கும். பிரஸ் பட்டன் போல ஆட்டோ கியர் பெட்டிக்குள் பிடித்துக்கொள்ளும். வெளியே துருவும் ஏறிவிட்டால் அசையாது. நானும் ஒருமுறை தண்டையே பிடித்து இழுத்தேன். தண்டு வந்தது, மூட்டின் கிண்ணம் பெட்டியிலேயே நின்றுவிட்டது. கிரீஸில் புரண்ட உருளைகளைத் தரையில் பொறுக்கியதுதான் மிச்சம்.

ஆகவே இழுக்காதீர்கள், நெம்புங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவேண்டாம், தாங்கிகள் அவசியம். (மறுநாள் பால்வெட்டுக்குப் போகவேண்டிய உடம்பல்லவா!) கியர் எண்ணெயை வடித்து, கீழ்மூட்டைக் கழற்றி, தண்டின் வெளிமுனையை விடுவியுங்கள். பிறகு கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு நெம்புகோல்களை எதிரெதிரே வைத்து, சுருக்கென்று நெம்பவேண்டும். வரவில்லையா? நியூட்ரலில் போட்டு, தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி நெம்புங்கள். வளையத்தின் வாய் இடம் மாறினால் விட்டுக்கொடுக்கும். பெட்டி அலுமினியம். மெல்லிய இடத்தில் ஊன்றினால் விரிசல். அப்புறம் கியர் பெட்டிக்கே செலவு.

எண்ணெய்ச் சீலையும் வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். புதுத் தண்டு 'டக்'கென்று உட்காரவேண்டும். அந்தக் காடிக்குரிய எண்ணெயையே ஊற்றி, இரவு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு இருந்தால் சீல் சரியாக உட்காரவில்லை.