டேவிஸ் கோப்பையை வேண்டாம்னு சொன்ன இந்தியா... டென்னிஸ்ல நிறவெறியை எதிர்த்தவங்க கதை!

செரீனா வில்லியம்ஸ் 23 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் ஜெயிச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கோகோ காஃப் ஆடுற ரீல்ஸும் உங்க போன்ல வந்திருக்கும். இவங்களுக்கு முன்னாடி பாதை போட்டவங்க யாரு? அதுல சென்னைப் பசங்களுக்கு என்ன தொடர்பு?

கதவைத் திறந்தவர்

இன்றைய யு.எஸ். ஓப்பனின் பழைய பெயர் அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப். அதில் கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சன் 1950-ல்தான் முதன்முதலாக ஆட முடிந்தது. 1956-ல் பிரெஞ்சு பட்டம். கிராண்ட்ஸ்லாம் ஜெயித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1957, 1958 ரெண்டு வருஷமும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் சேர்த்தே அள்ளினார்.

அடுத்து ஆர்தர் ஆஷ். 1968-ல் யு.எஸ். ஓப்பன் சாம்பியன். அமெச்சூர் என்பதால் 14,000 டாலர் பரிசு அவருக்கு இல்லை. தோற்ற டாம் ஆக்கருக்குப் போனது! 1975-ல் ஜிம்மி கானர்ஸை வீழ்த்தி விம்பிள்டனும் ஜெயித்தார்.

சாம்பியனுக்கே விசா இல்லை

அப்படிப்பட்ட ஆஷுக்கு தென்னாப்பிரிக்கா விசா மறுத்தது. காரணம், நிறவெறிச் சட்டங்கள். எம்.ரெட்டியபட்டியோ மதுரையோ, நீங்க எந்த ஊரா இருந்தாலும் 'ரெட்டை டம்ளர்' பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த மாதிரிப் பாகுபாட்டை ஒரு நாடே சட்டமா எழுதி வெச்சா எப்படி இருக்கும்? பஸ், பள்ளிக்கூடம், மைதானம்னு எல்லாத்துலயும் தனித்தனி. 1973-ல்தான் ஆஷால் அங்கே போய் ஆட முடிந்தது.

நம்ம ஊர்ப் பசங்க

1974 டேவிஸ் கோப்பை. சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி, கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத் யூனியனையும் வீழ்த்தி ஃபைனலுக்குப் போனது. எதிரணி? தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆட முடியாதுன்னு இந்தியா மறுத்துவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கா சாம்பியன் ஆனது.

இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ரெண்டு அண்ணன் தம்பிக்கு இது எவ்வளவு பெரிய இழப்புன்னு யோசிச்சுப் பாருங்க. 1987-ல் இன்னொரு ஃபைனல் கிடைத்தது, ஸ்வீடனிடம் தோல்வி. இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை ஜெயித்ததே இல்லை.

சாம்பியன்கள் பட்டியலில் 1974-க்கு நேரே தென்னாப்பிரிக்கா பெயர்தான் இருக்கும். அடுத்தமுறை அதைப் பார்த்தா, ஏன்னு பக்கத்துல இருக்கறவங்களுக்கும் சொல்லுங்க.