26 தலைமுறையும் ஒரு மீறலும்

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குத் தெற்கே, கியான்டி மலைச்சரிவில் இருக்கிறது தின்யனெல்லோ திராட்சைத் தோட்டம். கொடி வரிசைகளின் காலடியில் உடைத்த வெள்ளைக் கற்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். மறுநடவுக்காக நிலத்தைக் கிளறியபோது கிடைத்த சுண்ணாம்புக் கற்கள் அவை. பகலில் வெயிலை வாங்கிக் கொத்துகளின் அடிப்பக்கம் வரை எட்டச் செய்கின்றன. மாலைக்குப் பிறகும் வெதுவெதுப்பைக் காத்து வைக்கின்றன. மண்ணில் கிடைத்ததை மண்ணுக்கே உதவவைக்கும் இந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாது.

தோட்டத்தின் சொந்தக்காரர்களான அன்டினோரி குடும்பத்துக்கு ஒயின்தான் குலத்தொழில். 1385-ல் ஜியோவான்னி தி பியரோ அன்டினோரி ஃப்ளாரன்ஸ் ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். அன்று தொடங்கி 26 தலைமுறைகளாகத் தொழில் கைமாறவில்லை. இவ்வளவு பழைய குடும்பம் பழைய சம்பிரதாயத்தைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கும் என்றுதான் நினைப்போம். நடந்ததோ வேறு.

கியான்டி என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால், சிவப்புத் திராட்சையோடு 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சையும் சேர்த்தாக வேண்டும் என்றது 1967-ல் வந்த விதி. ஒயினோ வெளிறி நீர்த்துப்போனது. நீண்ட நாள் தாங்கவும் இல்லை. அப்போது பொறுப்பில் இருந்தவர் பியரோ அன்டினோரி. ஒயின் வல்லுநர் ஜியாகோமோ தாக்கிஸோடு சேர்ந்து வேறு வழி தேடினார். விதி வந்த நான்கே ஆண்டுகளில், 1971 அறுவடையில், கியான்டி என்ற பெயரையே துறந்து தோட்டத்தின் பெயரைப் புட்டியில் பொறித்தார். சட்டத்தின் கணக்கில் அது சாதாரண 'மேஜை ஒயின்' ஆகிவிட்டது. 1975-ல் வெள்ளைத் திராட்சை அடியோடு நின்றது.

அந்த மண்ணின் சாஞ்சோவேசே திராட்சைக்குப் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். வெளியிலிருந்து வந்த கேபர்னே அதற்கு நிறமும் திடமும் சேர்த்தது. பெரிய பழைய பீப்பாய்களுக்குப் பதிலாகச் சிறிய ஓக் பீப்பாய்களில் ஊறவைத்துத் துவர்ப்பின் முரட்டுத்தனத்தைத் தணித்தார்கள். 1982 முதல் இன்றுவரை கலவை மாறவில்லை: சாஞ்சோவேசே 80, கேபர்னே சோவின்யோன் 15, கேபர்னே பிராங்க் 5 சதவீதம். விளைச்சல் சரியில்லாத 1984, 1992, 2002 ஆண்டுகளில் இந்த ஒயினை அவர்கள் தயாரிக்கவே இல்லை. வருமானம் போனாலும் பெயர் கெடக்கூடாது என்ற வைராக்கியம் அது.

முன்னோர் சொத்தை மதிப்பதென்றால் அவர்கள் செய்ததையே திரும்பச் செய்வதல்ல. அவர்களுடைய மண்ணுக்கு நேர்மையாக இருப்பது. பியரோ செய்தது அதைத்தான். இன்று அவருடைய மூன்று மகள்கள், அல்பியரா, அல்லெக்ரா, அலெஸ்ஸியா, தொழிலை நடத்துகிறார்கள். தலைமைப் பொறுப்பு அல்பியராவிடம்.

கியான்டி கிளாசிகோ ஒயினில் வெள்ளைத் திராட்சை கூடாது என்று 2006-ல் விதியே மாறியது. ஆனால் தின்யனெல்லோ அந்தப் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. அந்தச் சரிவின் பெயரே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.