மிச்சமில்லாமல் பங்கு போடும் மகா எண்

சாலைக் கடைத்தெருவில் பென்சிலும் டம்ளரும் டஜன் கணக்கில் விலை பேசப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். எண்ணுவதற்குச் சுலபமான 10 இருக்க, 12 ஏன்?

10 பொருளை 2, 5 அல்லது 10 பேருக்குத்தான் சமமாகப் பங்கு வைக்கலாம். 12 இருந்தால் 2, 3, 4, 6, 12 பேருக்கு மிச்சமின்றிக் கொடுக்கலாம். இப்படி மிச்சமின்றி வகுக்கும் எண்களுக்கு வகுத்திகள் என்று பெயர். 1-ஐயும் சேர்த்தால் 12-க்கு 6 வகுத்திகள். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை.

24, 60, 360 ஆகியவையும் இந்த இனமே. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஆண்டுச் சுற்றுக்குப் பிரபவ முதல் 60 ஆண்டு என்று நம் முன்னோர் வைத்த கணக்கிலும் இவை இருக்கின்றன.

குமாஸ்தா கண்ட எண்கள்

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், லண்டன் கணித சங்க ஏட்டில் 1915-ல் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதற்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது.

அதில் அவர் கொடுத்த பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

இதற்கு எத்தனை வகுத்திகள்? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். இந்த எண்ணைப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறதோ, அதோடு 1 கூட்டிப் பெருக்குங்கள். 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. அவ்வளவு வகுத்திகள்!

விட்டுப்போன ஒன்று

பேரேட்டில் ஒரு பதிவு விட்டுப்போவது குமாஸ்தாக்களுக்குப் புதிதல்ல. ராமானுஜனின் பட்டியலிலும் ஓர் எண் விட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. வகுத்திகள் 5,040. இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! மேதையின் கைக்கணக்கிலும் ஒன்று தவறும் என்பது நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்.

நம் நகரில் படித்தவர்

இந்த ஆராய்ச்சியை வேறு வழியில் கொண்டு சென்றவர் எஸ்.எஸ். பிள்ளை. 1901-ல் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர். குழந்தையிலேயே தாயை இழந்தார். பள்ளி முடிக்குமுன் தந்தையும் காலமானார். ஆசிரியர் ஒருவரின் உதவியாலும் உபகாரச் சம்பளத்தாலும் நாகர்கோவிலில் படித்து, பின் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. தேறினார். பாளையத்தில் இன்று யுனிவர்சிட்டி கல்லூரி என நாம் அறிந்தது அதுவே. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றியபின், 1941-ல் திருவிதாங்கூர் பல்கலைக் கழகத்திற்கு வந்து சிறிது காலம் பணி செய்தார். பின்னர் கல்கத்தா சென்றார்.

'எத்தனை வகுத்திகள்?' என்று ராமானுஜன் கேட்டார். 'வகுத்திகளைக் கூட்டினால் எவ்வளவு?' என்று பிள்ளை கேட்டார். தனக்குக் குறைந்த எல்லா எண்களையும் அந்தக் கூட்டுத்தொகையில் மிஞ்சும் எண்களை அவர் 1943-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

டஜனிடம் தோற்ற 10 இங்கே ஜெயிக்கிறது! 1+2+5+10 = 18. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இந்தத் தொகை இல்லை. 6, 8 ஆகியவற்றுக்கும் நான்கு வகுத்திகளே இருப்பதால் ராமானுஜனின் வரிசையில் 10-க்கு இடமில்லை. பிள்ளையின் வரிசையில் உண்டு. கேள்வியை மாற்றினால் ஒதுக்கப்பட்டதும் முன்னுக்கு வருகிறது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிலையம் அழைத்ததன் பேரில் புறப்பட்ட பிள்ளை, 1950 ஆகஸ்ட் 31-ல் கெய்ரோ அருகே விமான விபத்தில் காலமானார். வயது 49.

பாளையம் வழியே பஸ்ஸில் போகும்போது அந்தக் கல்லூரியை ஒரு முறை பாருங்கள். உபகாரச் சம்பளத்தை நம்பி வந்த ஒரு தமிழ் மாணவர் அங்கேதான் படித்தார்.